வாத்தியார் வீட்டு வைஃபை

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மின்காந்த அலைகள் நடத்துகிறவன் வீட்டில் வைஃபை ஒழுங்காக எடுக்காது என்று சொன்னால் வெளியில் யாரும் நம்புவதில்லை. வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாடி அறையில் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும் என் மனைவி, எதிர்முனையில் இருப்பவர்களின் திரையில் பாதி வாய் திறந்தபடி நின்றுபோவாள். அம்மாவின் சீரியலில் மாமியார் கையை ஓங்குவாள். அடி விழுவதற்குள் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். கல்லூரிக்குப் போகும் மகள் மட்டும் ஒரு வார்த்தை புகார் சொல்ல மாட்டாள். பேசாமல் வைஃபையை அணைத்துவிட்டுத் தன் செல்போன் டேட்டாவுக்கு மாறிக்கொள்வாள். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் 'கம்ப்யூட்டர் சமாச்சாரம்' எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மச்சினன் வீட்டுப் பிரிண்டர், சித்தப்பா மறந்துபோன பாஸ்வேர்டு, கல்யாண வீட்டில் பாட்டுப் போடும் ஸ்பீக்கர் எல்லாம் என் இலாகா. நான் கைவைத்தால் சில சமயம் சரியாகும். சரியானதையெல்லாம் சொந்தக்காரர்கள் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். மற்றதை நான் மறக்கடித்தேன். இப்படிச் சேர்த்த பெயர், சொந்த வீட்டு வைஃபையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

வீடு மதுரையில், தெற்குவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில். அகலம் பன்னிரண்டு அடி. நீளம் போய்க்கொண்டே இருக்கும். முன்பகுதி தாத்தா கட்டியது: ஒன்றரைச் செங்கல் கனச் சுவர், சுண்ணாம்புக் காரை, ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். நடுக்கூடமும் அடுப்படியும் அப்பா போட்ட கான்கிரீட். பின்னால் மாடி அறை, வங்கிக் கடனில் நான் எழுப்பியது. தளத்துக்குள் கம்பி வலை வலையாக இருக்கிறது, ஏனென்றால் பக்கத்தில் நின்று "இன்னும் ரெண்டு கம்பி போடுங்க மேஸ்திரி" என்று சொன்னவன் நான்தான். மூன்று தலைமுறைச் சுவரையும் தாண்டித்தான் அலை மனைவியின் மேசைக்குப் போக வேண்டும். ஃபைபர் இணைப்பு வீட்டுக்குள் நுழைவதோ தெருப்பக்கத்து ஜன்னல் வழியாக.

இணைப்புக் கொடுக்க வந்த தம்பி நியாயமாகத்தான் கேட்டார். "பாக்ஸை நடுக்கூடத்துல வெச்சிரலாமா சார்? உள்ள வரைக்கும் கேபிள் இழுத்துத் தர்றேன்." தாத்தா கூடத்துத் தேக்குத் தூணில் கறுப்பு ஒயர் ஓடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. "இது ஒயர்லெஸ்தானே தம்பி, எங்க வெச்சா என்ன?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முன்னறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒரு பலகை அடித்து, அதன்மேல் ரௌட்டரை வைக்கச் சொன்னேன். கண்ணில் படாது, தூசி விழாது. அம்மா தன் பங்குக்குப் பூவேலை செய்த துணி ஒன்றை அதன்மேல் போர்த்தினார்.

இரும்பு பீரோ. முன்பக்கம் ஆளுயரக் கண்ணாடி. அதன் முதுகில் உலோகப் பூச்சு. 1887, 88 வாக்கில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் மின்காந்த அலை இருப்பதை நிரூபித்தபோது, அது ஒளியைப் போலவே எதிரொளிக்கும் என்பதைக் காட்ட ஒரு பெரிய துத்தநாகத் தகட்டைச் சுவரில் நிறுத்தினார். தகட்டில் பட்டு அலை திரும்பியது. ஒவ்வொரு ஆண்டும் இந்தத் தகட்டைக் கரும்பலகையில் வரைந்து, அதன்மேல் அம்புக்குறி போட்டு, அது திரும்புவதைச் சிவப்புச் சாக்பீஸில் காட்டுகிறவன் நான். வீட்டில் அதே பரிசோதனையை இரும்பில், ஆறரை அடி உயரத்தில், புடவைகளோடு சேர்த்து நடத்திக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சந்து முனை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கள் வீட்டு வைஃபை நாலு கோடும் நிரம்பிக் காட்டும். அதைப் பார்த்து 'நல்ல ரௌட்டர்தான்' என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தது மகள். செல்போனில் ஒரு செயலியைப் போட்டு, அறை அறையாக நடந்து, சிக்னலை டிபிஎம் கணக்கில் ஒரு தாளில் எழுதினாள். இந்தக் கணக்கில் எண்கள் எல்லாம் மைனஸ். மைனஸ் 30 என்றால் ரௌட்டரின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். மைனஸ் 67 வரை காணொளி அழைப்புக்குத் தாங்கும். மைனஸ் 80ஐத் தாண்டினால் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் படம்கூட மதியம்தான் வரும். ஒவ்வொரு பத்தும் பத்து மடங்கு. அடுப்படி வாசலில் மைனஸ் 78. நான் ரௌட்டரைக் கையில் எடுத்து பீரோவுக்கு இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன். மைனஸ் 62. பதினாறு டெசிபல் வித்தியாசம். கிட்டத்தட்ட நாற்பது மடங்கு. "பீரோவை நகத்திரலாமாம்மா?" என்று கேட்டேன். "உங்க தாத்தா வெச்ச இடம்" என்றார் அம்மா. ரௌட்டர் நகர்ந்தது.

அதை பீரோ உச்சிக்கு ஏற்றியதும் அடுத்த அறிவு வேலை செய்தது. நாலு ஆன்டெனா இருக்கிறதே, சும்மா வானத்தைப் பார்த்து நின்றால் எப்படி? நாலையும் மடக்கி, நுனி மாடி அறையைப் பார்க்கும்படி திருப்பிவைத்தேன். டார்ச் அடிக்கிற நினைப்பு. கம்பி ஆன்டெனாவின் அலை நுனியிலிருந்து புறப்படுவதில்லை. பக்கவாட்டில், கம்பியைச் சுற்றி விரிகிறது. நுனி நோக்கும் திசையில்தான் எல்லாவற்றையும்விடக் குறைவு. ஆக, வீட்டில் வைஃபை மிகவும் தேவைப்பட்ட ஒரே அறையைத் தேடிப் பிடித்து, நாலு ஆன்டெனாவாலும் குறிவைத்து, அங்கே அலை போகாமல் பார்த்துக்கொண்டேன். செங்குத்தாக நிறுத்தினால் அதே தளத்து அறைகளுக்கு, ஒன்றிரண்டைப் படுக்கையாகச் சாய்த்தால் மேல்தளத்துக்கு என்பது கல்லூரியில் படித்ததுதான். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

இடையில் ஒரு போன் அழைப்பு. அதை நினைத்தால் இப்போதும் காது சுடும். எங்கள் திட்டம் 100 எம்பிபிஎஸ். ஒரு நாள் படம் ஒன்றை இறக்கும்போது வேகம் நொடிக்கு 12 என்று காட்டியது. இணைப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, "நூறு சொல்லிட்டுப் பன்னிரண்டு குடுக்கிறீங்க. நான் பிசிக்ஸ் வாத்தியார்மா, என்கிட்டயே இப்படியா?" என்று ஆரம்பித்து நன்றாகவே பேசினேன். அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, "சார், திட்டம் மெகா பிட், நீங்க பாக்குறது மெகா பைட். எட்டு பிட் ஒரு பைட் சார்" என்றார். நூற்றை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. தசமப் புள்ளி வரைக்கும் நியாயமாகக் கொடுத்திருக்கிறார்கள். "வேறெதுவும் உதவி வேணுமா சார்?" என்று அவர் கேட்டபோது, அலகு எழுதாமல் விட்ட பிள்ளைகளுக்கு நான் இத்தனை வருடம் குறைத்த அரை மார்க்குகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

அதன்பிறகு காசைச் செலவழிக்கும் கட்டத்துக்கு வந்தேன். எட்டு ஆன்டெனா வைத்த ஒரு ரௌட்டர். பெட்டியில் 5400 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த எண் எப்படி வருகிறதென்றால், உள்ளே மூன்று ரேடியோ, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்று 1000, 5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு ஆளுக்கு 2167; கூட்டிக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டால் 5400. எந்த போனும் மூன்று ரேடியோவோடும் ஒரே நேரத்தில் பேசாது. சாதாரண போனில் இருப்பது இரண்டு ஆன்டெனா. இந்த ரௌட்டரோடு நல்ல சூழ்நிலையில் 866 என்று இணையும், கையில் கிடைப்பது அதில் பாதியைச் சொச்சம் தாண்டும். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். தெருவிலிருந்து வீட்டுக்குள் வருவதே 100தான். நூறு லிட்டர் வரும் குழாய்க்குக் கீழே ஐந்தாயிரத்து நானூறு லிட்டர் அண்டாவை வைத்துவிட்டு, ஏன் நிரம்பவில்லை என்று குனிந்து பார்த்தேன்.

'ரௌட்டர் பெரிசு, ஆகவே சத்தமும் பெரிசு' என்று வேறு நினைத்திருந்தேன். அதுவும் பாதிதான் சரி. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் ஒலிபரப்ப 2005இலேயே உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட். ரௌட்டர் அந்த வரம்புக்குள் எவ்வளவு உரக்கப் பேசினாலும், மாடியிலிருக்கும் போன் பதில் சொல்ல வேண்டும். போனின் சக்தி அதில் சிறு பின்னம். பாட்டரியைப் பார்க்க வேண்டாமா? போனில் நாலு கோடு நிரம்பியிருக்கும், ரௌட்டர் சொல்வது அதற்குக் கேட்கும், அது சொல்வது ரௌட்டருக்குக் கேட்காது. கோட்டைப் பார்த்து நான் திருப்தியாக இருந்தேன். கூட்டத்தில் மனைவி பேசுவதுதான் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

பழைய பாக்ஸோடு இந்தப் புதியதையும் கோத்ததில், ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்க ஆரம்பித்தார்கள். இரண்டுமே 192.168.1.1 நான்தான் என்றன. பாதிச் சாதனங்கள் ஒன்றையும் மீதி மற்றதையும் நம்பின. டிவி இரண்டையும் நம்பவில்லை. இந்த அத்தியாயத்தை இதோடு விடுகிறேன்.

சேனல் விவகாரத்தை அப்படி விட முடியாது. அதில் நான் உண்மையிலேயே புத்திசாலித்தனமாகத் தப்பு செய்தேன். எங்கள் சந்தில் இரண்டு பக்கமும் பொதுச்சுவர். மகளின் செயலி காட்டிய பட்டியலில் பக்கத்து வீடு, எதிர் வீடு, ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர் என்று ஒரு ஊரே இருந்தது. எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில், சேனல் 1, 6, 11 மூன்றில் குவிந்து கிடந்தன. 3, 4, 8, 9 எல்லாம் காலி. இத்தனை பேருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியதே என்று ரௌட்டரை சேனல் 3இல் போட்டேன்.

மற்றவர்கள் ஏன் அங்கே வீடு கட்டவில்லை என்று யோசித்திருக்கலாம். நம் ஊரில் இந்த அலைவரிசையில் 13 சேனல் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் வைஃபை ஒரு தடவை உட்கார்ந்தால் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இடம் பிடிக்கும். ஒன்றோடொன்று உரசாமல் உட்கார வழக்கமாக எல்லோரும் எடுத்துக்கொள்வது 1, 6, 11. ஒரே சேனலில் பத்துப் பேர் இருப்பது பார்க்க நெரிசலாக இருக்கும், ஆனால் அங்கே ஒரு மரியாதை உண்டு. ஒவ்வொன்றும் பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கிறது. வேறு யாராவது அனுப்பிக்கொண்டிருந்தால் பொறுத்திருந்து, குத்துமதிப்பாக ஒரு நேரம் தள்ளி மறுபடி முயல்கிறது. குத்துமதிப்பு நேரம் காத்திருக்கும் இந்த யோசனைக்கு வயது அதிகம். 1971இல் ஹவாய்த் தீவுகளுக்கு இடையே ரேடியோவில் கணினிகளைக் கோத்த நார்மன் ஆப்ராம்சனின் அலோகாநெட் வரைக்கும் அதன் வேர் போகும். சேனல் 3இல் உட்கார்ந்தவனுக்கு அந்த மரியாதை கிடைக்காது. 1இல் பேசுவதும் அவனுக்குப் புரியாது, 6இல் பேசுவதும் புரியாது. இரண்டும் வெறும் இரைச்சல். அவன் பேசுவது அவர்கள் இரண்டு தரப்புக்கும் இரைச்சல். ஒரே அமுக்கலில் என் வீட்டையும் ஜெராக்ஸ் கடையையும் டியூஷன் சென்டரையும் சேர்த்துக் கெடுத்தேன். டியூஷன் சென்டரில் இயற்பியல் எடுப்பவர் என் பழைய மாணவர். "ரெண்டு நாளா நெட்டு ரொம்ப மோசம் சார்" என்று தெருவில் நிறுத்திச் சொன்னார். "ஆமாம்ப்பா, எங்க வீட்லயும்தான்" என்றேன்.

அந்த நாட்களில் என் சந்தேகம் முழுவதும் பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின்மேல் இருந்தது. அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில்தான் வேலை செய்கிறது, ஓடும்போது கொஞ்சம் கசியும், 2.4இல் இருக்கும் வைஃபை தடுமாறும். இதையெல்லாம் அந்த வீட்டு அக்காவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, "பகல் பதினொரு மணி வாக்குல மட்டும் போடாம இருந்தா நல்லது" என்று கேட்டேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு அடுப்பைத் திறந்து காட்டினார். உள்ளே முறுக்கு டப்பா, அதன்மேல் தட்டை டப்பா. "எறும்பு வராதுன்னு வெச்சிருக்கேன் தம்பி. பிளக்கே சொருகி வருஷமாச்சு." கையில் ரெண்டு முறுக்கோடு திரும்பினேன்.

சரி, 2.4 வேண்டாம், 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போவோம் என்றால் அங்கே சேனல் நிறைய. யாருமே இல்லாத 52 முதல் 144 வரையிலான பகுதியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். (யாருமே இல்லாத இடத்தைப் பார்த்தால் எனக்கு ஏன் இப்படிக் கை பரபரக்கிறது என்று மனைவி கேட்டதுண்டு.) அமுக்கியதும் வைஃபை பெயரே பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. ரௌட்டரை அணைத்துப் போட்டேன். வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டேன். வரவில்லை. அந்தச் சேனல்கள் ராடாரோடு பங்கிட்டுக்கொள்ளும் இடம். பக்கத்தில் ராடார் ஏதும் பேசுகிறதா என்று ரௌட்டர் ஒரு நிமிடம் வாயை மூடிக் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டு முடித்த பிறகுதான் தன் பெயரை அறிவிக்கும். என் பொறுமை அந்த ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்னால் ஒவ்வொரு முறையும் தீர்ந்தது. நான் அணைத்துப் போடப் போட, அது பாவம் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் மின்வெட்டு வந்து, கரண்ட் திரும்பும்போது நான் கடைக்குப் போயிருந்ததால் வைஃபை தானாக வந்துவிட்டது. "நீங்க இல்லாதப்ப வருதுங்க" என்றாள் மனைவி. இயற்பியல்படி அது சரியான கூற்று.

அடுத்து ரிப்பீட்டர். சுவரில் சொருகினால் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்னப் பொட்டி. சிக்னல் எங்கே இல்லையோ அங்கேதானே வைக்க வேண்டும் என்று மாடி அறையில், மனைவியின் மேசைக்குப் பக்கத்திலேயே சொருகினேன். இல்லாத சிக்னலை அது எங்கிருந்து வாங்கும்? கையில் கிடைத்த மிச்சம் மீதியை வாங்கி, முழு நாலு கோட்டோடு பரிமாறியது. பாதி வழியில், இன்னும் நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். ரிப்பீட்டர் இப்போது மச்சினன் வீட்டில் இருக்கிறது. அவர் வீட்டில் என்ன செய்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒயர் இழுப்பது என்று ஒப்புக்கொண்டேன். முன்னறை பாக்ஸிலிருந்து மாடி அறைக்கு லேன் கேபிள் போட்டு, அங்கே இன்னொரு ரௌட்டரை வைத்துவிட்டால், காற்று செய்ய வேண்டிய வேலை ஒரு அறை அளவுக்குச் சுருங்கிவிடும். இது முழுக்க முழுக்கச் சரியான முடிவு. இதையும் கெடுக்க ஒரு வழி இருந்தது. கிரிம்பிங் கருவியும் ஜாக்குகளும் வாங்கி நானே செய்தேன்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொன்றுக்கும் வெள்ளை கலந்த ஒரு துணை. ஜாக்கில் செருக வழக்கமான வரிசை ஒன்று உண்டு: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. படத்தைப் பார்த்ததும் எனக்கு அது அலங்கோலமாகப் பட்டது. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் எதற்கு நீலத்தை நுழைக்க வேண்டும்? எட்டாவது கம்பி வரைக்கும் ஜோடி ஜோடியாக, அழகாக அடுக்கினேன். மறுமுனையிலும் அப்படியே. இரண்டு முனையும் ஒன்றுபோல் இருந்தால் மின்சாரத்துக்கு நிறம் தெரியுமா என்ன? சோதிக்கும் கருவியில் விளக்குகள் ஒன்று முதல் எட்டு வரை ஒழுங்காக எரிந்தன. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேபிளை மாடிக்குக் கொண்டுபோக, தண்ணீர் மோட்டாருக்குப் போகும் ஒயரின் குழாயில் இடம் இருந்ததால் அதற்குள்ளேயே விட்டேன்.

நெட் வந்தது. நன்றாகவே வந்தது. இடையிடையே போனது. "மோட்டார் போட்டா நெட்டு போயிருதுப்பா" என்றார் அம்மா. அவர் காலையில் தொட்டி நிரப்பும் நேரமும், சீரியலின் மறுஒளிபரப்பைப் போனில் பார்க்கும் நேரமும் ஒன்று. நான் சிரித்தேன். மோட்டாருக்கும் நெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று சம்பந்தமே இல்லாமல் நீளமாக விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டார், கேட்டுவிட்டு, மோட்டார் போடுவதற்கு முன் மாடிக்குக் குரல் கொடுக்கும் பழக்கத்தை ஆரம்பித்தார். "அம்மா, மோட்டார் போடப்போறேன், மீட்டிங்கை முடிச்சுக்க" என்று மருமகளுக்கு. மாமியாரும் மருமகளும் என்னைக் கலக்காமல் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள்.

வேறு வேலையாகச் சந்துக்குள் வந்த பழைய தம்பியை மனைவிதான் கூப்பிட்டாள். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அவர் என் ஜாக்கைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "இது யார் சார் அடிச்சது?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் எங்கே பார்த்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

அவர் விளக்கியதை நான் தலையாட்டிக் கேட்டேன்; வகுப்பில் அதையே நான் வேறு சொற்களில் சொல்கிறேன். ஜாக்கில் ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி. மூன்றும் ஆறும் ஒரு ஜோடி. மூன்றாவதிலும் ஆறாவதிலும் ஒரே முறுக்கில் இருக்கும் இரண்டு கம்பிகள் வர வேண்டும், அதற்காகத்தான் பச்சையைப் பிரித்து நடுவில் நீலம். என் அழகு வரிசையில் மூன்றாவது பச்சை முறுக்கிலிருந்தும் ஆறாவது நீல முறுக்கிலிருந்தும் வந்திருந்தன. விளக்குச் சோதனை கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். யாரோடு யார் முறுக்கியிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. முறுக்கு எதற்கு? பக்கத்து ஒயரின் மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஃபாரடே 1831இல் கண்டது. முறுக்கினால் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அது திசை மாறி, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டுபோய் மிச்சமில்லாமல் ஆகும். முறுக்கில் சேராத இரண்டு கம்பிகளை ஜோடி சேர்த்து, அதைக் கொண்டுபோய் மோட்டார் ஒயரோடு ஒரே குழாயில் படுக்கவைத்தால், மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஃபாரடே எங்கள் வீட்டுக்கு வந்துபோவார். மின்காந்தத் தூண்டல் எங்கள் பாடப்புத்தகத்தில் நாலாவது அலகு. மின்காந்த அலைகள் ஐந்தாவது. ஒரே வீட்டில் இரண்டையும் முடித்திருந்தேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று அம்மா சொல்லவில்லை. தம்பிக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். அதில் சர்க்கரை சரியாக இருந்தது. திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

தம்பி இரண்டு முனையையும் வெட்டி வழக்கமான வரிசையில் அடித்து, கேபிளை வேறு வழியாக, தேக்குத் தூணை ஒட்டியே கொண்டுபோனார். இந்த முறை தூணின் அழகு பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஒன்று மட்டும் மிச்சமிருந்தது: கீழே இருந்து மாடிக்குப் போகும்போது போன் முன்னறை ரௌட்டரை விடாமல் பிடித்துக்கொண்டே போய், மாடி ரௌட்டர் பக்கத்திலேயே இருந்தும் சேராமல் திணறியது. எந்த ரௌட்டரோடு சேர்வது என்று முடிவு செய்வது போன்தான். பழைய உறவு கொஞ்சமாவது இருந்தால் அது சுலபத்தில் விடாது. "முன்னறை ரௌட்டரோட பவரைக் கொஞ்சம் குறைச்சிருங்க சார்" என்றார் தம்பி. குறைப்பதா? இத்தனை நாள் நான் அந்தப் பட்டியலில் 'அதிகம்' என்பதைத் தவிர வேறெதையும் தேர்ந்தெடுத்ததில்லை. 'நடுத்தரம்' என்று மாற்றினார். படியேறும் பாதியில் போன் முன்னறையை விட்டு மாடிக்கு மாறியது. எட்டு ஆன்டெனா ரௌட்டரை என்ன செய்வது என்று கேட்டதற்கு அவர் சற்று யோசித்து, அதன் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

இப்போது கூட்டம் நடக்கும்போது மோட்டார் ஓடுகிறது. மாமியாரின் அடி நேரத்துக்கு விழுகிறது. மகள் வீட்டில் இருக்கும்போது வைஃபையில்தான் இருக்கிறாள். ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போகும் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டாள்; கேட்டால், "எதுக்குப்பா, நல்லாத்தானே இருக்கு?" என்கிறாள். ரௌட்டரின் முதுகில் ரீசெட்டுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, குண்டூசியை விட்டுப் பத்து நொடி அழுத்தினால் பாஸ்வேர்டு பழையபடி ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். வீட்டில் குண்டூசி டப்பா எங்கே இருக்கிறது என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.